திருகாணி இல்லாத பெட்டி

ரேடியோ திருத்துகிறவனுக்கு வாய் வேண்டாம், காது போதும் என்று நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆள் முகம் பார்த்துப் பேசக் கூச்சம். ஆசையாக வாங்கிய புதுச் சாமான் வீட்டுக்கு வந்ததும் ஊமையாகிப்போன அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே கட்சி.

பன்னிரண்டு

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் கடைவீதியில் நான் வேலை செய்த கடைக்குத் தீபாவளியை ஒட்டிப் பன்னிரண்டு டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் வந்தன. பளபளப்பான பிளாஸ்டிக் பெட்டி, கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். பதினொன்று விற்றன. ஒன்றை முதலாளியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்.

முதலாளி சொன்னது இதுதான்: "இதெல்லாம் கெட்டே போகாதாம், ராமையா. தைப்பொங்கலோட உன் மேசையை எடுத்துட்டு அங்க கண்ணாடி அலமாரி போடப்போறேன். நீ வேற தொழில் பாத்துக்க." நான் தலையை ஆட்டிவிட்டு, பன்னிரண்டு பெட்டிகளின் நம்பரையும் என் கொப்பியில் எழுதிவைத்தேன்.

வட்டவளை மழை

பழுதான பெட்டியோடு முதலில் வந்தவர் வட்டவளைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர். கார் பேட்டரியில் ஓடும் அவருடைய பழைய மரப்பெட்டி ரேடியோவுக்குப் பத்து வருடத்தில் நான் மாற்றியது இரண்டே வால்வு. புதியது இருபத்துமூன்றாம் நாள் நின்றுவிட்டது.

பேட்டரி தொடும் தகடு காகிதம் மாதிரி மெல்லிசு. ஈரத்தில் துருவேறி உதிர்ந்திருந்தது. பித்தளையில் ஒன்று வெட்டிப் போட்டேன், பாடியது. "ஒண்ணு ரெண்டு அப்படித்தான் வரும்" என்றார் முதலாளி. கங்காணி விடவில்லை: "மழைக்கு நாங்க தலையில கொங்காணிச் சாக்கு போட்டுக்குவோம். இதுக்கு யாரு போட்டுவிடறது, தம்பி?"

நல்ல சூடு

நாலாவது பெட்டி, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆறுமுகத்துடையது. பனியில் ஈரமாகிக் கரகரத்தால், பழைய மரப்பெட்டியை அடுப்புச் சுவர் ஓரம் வைத்துக் காயவைப்பது அவர் வழக்கம். புதியதையும் வைத்திருக்கிறார்.

என் மேசையில் அவர் வைத்தது நடுவில் குழிந்த பலகாரம் மாதிரி இருந்தது. உள்ளே இருந்ததைப் பிரித்தெடுத்து, பலாப் பலகையில் பெட்டி செய்து பொருத்தினேன். முன்னைவிடக் கணீரென்று கேட்டது. ஆறுமுகம் மட்டும் தேறவில்லை: "இருவது வருசமா ஒரு பிடி தூளைக் கருக விட்டதில்லண்ணே. இது என் பேரைக் கெடுத்துருச்சே!"

பத்தாவது

பொங்கலுக்கு முந்தின நாள். அலமாரிக்கு அளவெடுக்க, நாங்கள் பாஸ் என்று கூப்பிடும் தச்சர் வந்து, என் மேசையை நாடாவால் அளந்துகொண்டிருந்தார். அப்போது முதலாளி ஒரு பத்திரிகைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். அவர் வீட்டுப் பெட்டிதான். அவருடைய சம்சாரம் பாட்டுக் கேட்கும்போது பாதியில் நின்றுவிட்டதாம். "திருகாணியே இல்லியே, எப்பிடித் திறப்ப?" என்றார்.

பெட்டியைப் பசை போட்டு மூடியிருந்தார்கள். பிளேடைச் சூடாக்கி விளிம்போடு அறுத்தேன். உள்ளே ஈயப்பற்று ஒன்று விட்டிருந்தது. பற்றவைத்து, நாலு மூலையிலும் துளைபோட்டுத் திருகாணி முடுக்கினேன். கடை முழுக்கப் பாட்டுக் கேட்டது. பிறகு கொப்பியைத் திறந்து காட்டி, என் வழக்கத்துக்கு மாறாக முகம் பார்த்துச் சொன்னேன்: "பன்னிரண்டில் இது பத்தாவது, முதலாளி."

அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு நாடாவோடு நின்றவரிடம் திரும்பினார்: "பாஸ், அலமாரி வேணாம். இதே அளவுல இன்னொரு மேசை போடுங்க."

புதுச் சாமான்களை எல்லாரும் திட்டுகிறார்கள். அவை இத்தனை ஒழுங்காகக் கெட்டுப்போயிராவிட்டால், எனக்காகப் பேச யார் இருந்திருப்பார்கள்?