முப்பது கழித்து எழுதிய நோட்டு

1. மஞ்சள் அட்டை

ஆவணி மாதம், புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். லாரி டிரைவர் செங்கோடனை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை தொங்கியது. நான் சங்ககிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளர். பத்தாவது வரை படித்தவள். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, பெட்ஷீட் மாற்றுவது என் வேலை. அவரைப் படுக்க வைத்துச் சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து மஞ்சள் அட்டை ஒன்று விழுந்தது.

டாக்டர் அதை எடுத்துப் பார்த்தார். "மூணு நாளைக்கு முன்னால 144/88னு எழுதியிருக்கு. இப்ப 196/114. யாரு பிரஷர் பார்த்தது?"

"லாரி ஸ்டாண்டுல நர்ஸம்மா பாத்தாங்க சார்," என்றார் செங்கோடனின் மனைவி. "பயமில்ல, உப்பக் கொறைச்சுக்குங்கன்னாங்க. அவுங்க பாத்தா தப்பாதுங்க. அதனாலதான் மாத்திரைகூட வாங்கலீங்க."

அட்டையில் இருந்தது என் கையெழுத்து. நான் ஸ்ட்ரெச்சரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

2. சிஸ்டரின் கை

அந்த நர்ஸம்மா, பாவாயி சிஸ்டர். வயது எழுபத்தி மூன்று. மோகனூர் பக்கம் கிராம நர்ஸாக வேலை பார்த்தவர். அப்போதே ஞாயிற்றுக்கிழமை லீவை லீவாக எடுத்ததில்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்ட வந்தவர்களின் குடிசைகளுக்கும் சைக்கிளில் மருந்துப் பையோடு போவாராம். ரிட்டயர் ஆகி சங்ககிரி வந்ததும் லாரி ஸ்டாண்டில் ஞாயிறுதோறும் பிரஷர் பார்க்கும் முகாம் போட ஆரம்பித்தார். லோடு கிடைத்தால் டிரைவர்கள் கிளம்பிவிடுவார்கள், ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டார்கள். அதனால் லாரி நிற்கிற இடத்துக்கே போனார்.

பதினோரு வருடமாக நான் அவருடன் போகிறேன். அவர் நம்பர் சொல்வார், நான் நோட்டிலும் அட்டையிலும் எழுதுவேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. இதில் பேச வேண்டியதில்லை என்பதால் பிடித்திருந்தது.

முகாம் தொடங்கும் முன் சிஸ்டர் தன் கையில் பட்டையைச் சுற்றி மெஷினைச் சோதிப்பார். எப்போதும் 122/80தான் வரும். "என் கைதான் சாமி எடைக்கல்லு," என்பார். என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

மாசியில் பழைய பாதரச மெஷின் உடைந்து, முகாம் இரண்டு மாதம் நின்றுபோனது. சித்திரையில் லாரி புக்கிங் ஆபீஸ்காரர் ஒருவர் புது டிஜிட்டல் மெஷின் வாங்கித் தந்தார். சிஸ்டர் கையில் போட்டதும் 152/100 காட்டியது. மறுபடி போட்டோம். அதேதான்.

"புது மெஷினு, நர்ஸம்மாளைப் பாத்து மெரண்டுபோச்சுங்க," என்று ஒரு டிரைவர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். சிஸ்டரும் சிரித்தார்.

"மனசாரக் குடுத்திருக்காரு. ரிப்பேருன்னு திருப்பிக் குடுத்தா அவரு மொகம் சுண்டிப்போகும். மேல முப்பது, கீழ இருபது ஏத்திக் காட்டுது. கழிச்சு எழுதிக்க, சாமி."

நோட்டில் 'மெஷின் டெஸ்ட் 152/100' என்று எழுதினேன். அன்றிலிருந்து எல்லாருக்கும் கழித்தேன். சில பேருக்கு மேல் நம்பர் தொண்ணூறுக்கு வந்தது. "வெயிலுக்கு எறங்கியிருக்கு. மோருல உப்புப் போட்டுக் குடிங்க," என்பார் சிஸ்டர்.

3. மெஷின் சரி

செங்கோடன் வந்த அன்று மதியம் என் வீட்டுக்கு ஓடிப்போய் அந்த முகாம் மெஷினை எடுத்து வந்தேன். வார்டு நர்ஸுகள் நாலு பேர் கையில் ஆஸ்பத்திரி மெஷினையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு நம்பருக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஆஸ்பத்திரி மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராகச் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "என்ன சாமி, டூட்டி நேரத்துல இங்க?"

செங்கோடன் கதையைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"கைய நீட்டுங்க, சிஸ்டர்."

அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. 164/102 வந்தது. மறு கையிலும் போடச் சொன்னார். அதேதான். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மெஷினு சரி."

"ஆமாங்க."

"தலவலி வந்துச்சு சாமி. வெயிலுன்னு நெனச்சுட்டேன்." பிறகு, "உனக்கு ஒரு சந்தேகமும் வரலியா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல முடியவில்லை. "வைகாசியில என் கையில போட்டுப் பாத்தேனுங்க. 118 இருந்துச்சு. கழிச்சா 88. 88 இருக்கறவ எப்படி ஸ்ட்ரெச்சர் தள்ளுவான்னு நெனச்சேனுங்க."

"ஏன் கேக்கல?"

"நீங்க நர்ஸுங்க. நான் நோட்டு எழுதறவ."

"கேட்டிருந்தா வஞ்சிருப்பேன்," என்றார். "வைவேன்னு கேக்காம உட்டுருவியா?"

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. "நோட்ட எடு," என்றார்.

4. போன்

கழித்ததை எல்லாம் திரும்பக் கூட்டினோம். உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள் என்று அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். பாதிப் பேர் நாக்பூர், கவுகாத்தி என்று லாரியில் போய்க்கொண்டிருந்தார்கள். ஏழு பேரிடம் பேசியதும் சிஸ்டருக்குத் தலை சுற்றியது. டாக்டர் அவருக்கு மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொல்லிவிட்டார். மீதிப் பேரிடம் நான்தான் பேச வேண்டியிருந்தது.

"முகாமுல நோட்டு எழுதறவ பேசறேனுங்க. உங்க பிரஷரு 172ங்க. தப்பா எழுதிட்டமுங்க," என்றேன் ஒரு டிரைவரிடம்.

"ஏனுங்க, அப்பக் கழிச்சீங்க, இப்பக் கூட்டறீங்களா? நாளைக்குப் பெருக்குவீங்களா? போனை நர்ஸம்மாட்டக் குடுங்க."

"அவுங்களுக்கே பிரஷருங்க. அது தெரியாமத்தான் இப்படி ஆயிப்போச்சுங்க."

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் குறைந்தது. பிறகு, "சரிங்க, வண்டிய ஓரங்கட்டறேன்," என்றார்.

இரண்டு நாளில் அறுபது பேரிடம் பேசிவிட்டோம். மூன்று பேருக்குப் புக்கிங் ஆபீஸ் வழியாகச் சொல்லி அனுப்பினோம்.

5. செங்கோடன்

ஐப்பசியில் செங்கோடன் தடியை ஊன்றிக்கொண்டு மனைவியோடு ஸ்டாண்டுக்கு வந்தார். வலது கை சரியாகவில்லை. இனி லாரி ஓட்ட முடியாது. சிஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "உங்க கை என்னாலதானுங்க போச்சு," என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

"உங்களை நம்பித்தானுங்க இருந்தோம்," என்றார் அவர் மனைவி.

செங்கோடன் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினார். வார்த்தை குழறித்தான் வந்தது. "பாருங்க, நர்ஸம்மா. கழிக்காம சொல்லுங்க."

138/86. அப்படியே எழுதினேன்.

இப்போது மெஷினை மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரி மெஷினோடு ஒத்துப் பார்க்கிறோம். நோட்டின் முதல் வரியில் 'மெஷின் டெஸ்ட்' என்று எழுதுவதில்லை. 'பாவாயி, 73, மாத்திரை சாப்பிடுகிறார்' என்று எழுதி, பக்கத்தில் நம்பரைப் போடுகிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மெஷின் காட்டுவது நம்ப முடியாததாக இருந்தால் வேறு மெஷினில் பாருங்கள், வேறு ஆள் கையில் பாருங்கள். மனதில் சந்தேகம் வந்தால் அன்றைக்கே வாய்விட்டுக் கேளுங்கள். வைகாசியில் நான் கேட்டிருந்தால் சிஸ்டர் என்னை வைதிருப்பார். செங்கோடன் இன்று லாரி ஓட்டிக்கொண்டிருப்பார்.