முறைத் தண்ணீரில் இரண்டு ஜோடி ஃபின்

பத்து நாள் விடுப்பில் வந்தவள் ஐந்தாவது மாதமாக வலங்கைமான் பக்கத்து எங்கள் வீட்டிலேயே இருந்தேன். அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து, கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தார். மாடியறையில் உட்கார்ந்து அலுவலக வரைபடங்களைச் சரிபார்ப்பேன். இடையிடையே கீழே இறங்கி அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பேன், உரக்கடைக்குப் போவேன், வயல் வேலைக்கு ஆள் சொல்லிவிட்டு வருவேன்.

எப்போது கிளம்பலாம் என்று கேட்டால் அம்மாவிடம் ஒரு பதில் இருக்கும். அவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

நாற்று விடட்டும்.
நடவு முடியட்டும்.
களை எடுத்துரட்டும்.
தீபாவளி போகட்டும்.
கதிர் வரட்டும்.

எல்லாமே நியாயமான பதில்கள். சண்டை போடுவதற்கு அதில் இடமே இல்லை. இரும்புக் கதவாக இருந்தால் தட்டலாம். இது வயல், அதுபாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

என் நிறுவனம் பாலங்களின் தூண்களைத் தண்ணீருக்குள் இறங்கிப் பரிசோதிக்கும். கரையில் நின்று குறிப்பெடுத்தே மூன்று வருடம் ஓட்டியவள் நான். முக்குளிப்பில் அடிப்படைப் பயிற்சியை முடித்திருந்தேன். அடுத்த கட்டப் பயிற்சிக்கு என் பெயரைச் சேர்த்திருந்தார்கள். அது தை மாதக் கடைசியில், சரியாக எங்கள் அறுவடை நேரத்தில் வந்தது. இந்த முறை போகாவிட்டால் என் இடம் இன்னொருவருக்கு. காலில் மாட்டும் ஃபின்னை மட்டும் அவரவரே கொண்டுவர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது.

இரண்டு வகை உண்டு. பேடில் ஃபின் என்பது ஒரே பலகை. விறைப்பானது, உதைத்தால் தள்ளும், ஆனால் முழங்காலை வாங்கிவிடும். ஸ்ப்ளிட் ஃபின்னின் பலகை நடுவில் மீன்வால் போலப் பிளந்திருக்கும். லேசாக அசைத்தாலே போகும். ஸ்கூட்டியிலிருந்து விழுந்து என் இடது முழங்காலில் தசைநார் கிழிந்திருந்ததால், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்ப்ளிட்தான் சரி என்றார். அவருக்கும் மூத்தவர், தூண் பக்கத்தில் அது உதவாது என்றார். ஏனென்று அவர் விளக்கவில்லை. இரண்டையும் வரவழைத்தேன். ஏழு நாளுக்குள் வேண்டாததைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

பெட்டிகளைப் பிரித்தபோது அப்பா கட்டிலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, ரெண்டு ஜோடி முறம்?"

"நீந்துறதுக்குப்பா."

"நெல்லு புடைக்கலாமா இதுல?"

அம்மா சிரிக்கவில்லை. "ரெண்டையுமே திருப்பி அனுப்பலாமா?" என்று கேட்டாள்.

"அனுப்பலாம்மா."

"அப்புறம் ஏன் மண்டையக் குழப்பிக்கிற? அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்."

நோட்டில் ஆறாவது வரியாக அதையும் எழுதினேன்.

கடல் எங்களுக்குத் தூரம். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் இருந்தது. படித்துறையிலிருந்து மதகு வரை டேப் வைத்து அளந்தேன்: நூறு மீட்டர். முதல் நாள் காலை ஏழு மணிக்கு, சுடிதாரோடு, முகக்கண்ணாடி மாட்டி, பேடில் ஃபின்னில் நீந்தினேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி, முழங்காலில் வலி. மறுநாள் அதே நேரம், அதே உடை, அதே தூரம், ஸ்ப்ளிட் ஃபின். ஒரு நிமிடம் முப்பத்தைந்து, வலி இல்லை. இரண்டு நாளும் தண்ணீர் மூன்றாவது படியில் நின்றது. அதையும் குறித்துக்கொண்டேன். முழங்காலைக் காப்பதே வேகமாகவும் போகிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. பேடில் ஃபின்னைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டினேன்.

வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் அன்று சாயங்காலம் அப்பாவைப் பார்க்க வந்தார். நான் நேரம் குறித்து வைத்த அட்டவணையைக் காட்டி அப்பா பெருமையடித்துக்கொண்டார்.

லஸ்கர் கண்ணாடியை மேலே தள்ளி அதைப் பார்த்தார். "பாப்பா, முத நா நமக்கு முறை இல்லையே. கீழ் ஷட்டர மூடி வச்சிருந்தேன். தண்ணி சும்மா நின்னுச்சு. இன்னைக்குத்தான் முறை, காலைல அஞ்சு மணிக்கே தொறந்துட்டேன்."

"மூணாவது படியிலதானே நின்னுச்சு, ரெண்டு நாளும்?"

"மூடுனாலும் மூணாவது படி, ஓடுனாலும் மூணாவது படி. ஓடுறது படியிலயா தெரியும்?"

அப்பா சிரித்ததில் இடுப்பு வலித்து முனகினார். "இன்ஜினியருக்குப் படிச்சவ. முறை எந்த நாள்னு தெரியல."

அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் குறைவு என்று நாள் மாற்றி நாள் முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் எல்லோரும் அந்தக் கணக்கில்தான் எழுந்தார்கள், தூங்கினார்கள். நான் மட்டும் மாடியிலிருந்து, கிளம்பும் நாளைத் தவிர வேறு எந்த நாளையும் எண்ணவில்லை. முப்பத்தைந்து விநாடியும் வாய்க்கால் போட்ட பிச்சை.

அடுத்த முறைத் தண்ணீர் வந்தது நான்காம் நாள் காலையில். கூரியர்காரர் ஐந்தாம் நாள் வருவார். இரண்டு ஜோடியையும் எடுத்துக்கொண்டு ஒரே காலையில், ஓடும் தண்ணீரில், இரு திசையிலும் நீந்திவிடுவதென்று முடிவு செய்தேன். லஸ்கர் மதகின் மேல் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் ஸ்ப்ளிட். ஓட்டத்தோடு மதகு வரை சுகமாக வந்தேன். மதகில் தண்ணீர் போக இரண்டு கண்கள். ஒன்றின் ஷட்டர் திறந்திருந்தது. மூடியிருந்த கண்ணின் பக்கம் போய்ச் சுவரைத் தொட்டேன். எனக்குப் பின்னாலேயே வந்த ஆகாயத்தாமரைக் கூட்டம் தோளோடு தோளாக வந்து அடைத்துக்கொண்டது. முன்னால் சுவர், பக்கத்தில் சுவர். கீழே மதகடிப் பள்ளம், கால் எட்டவில்லை. திரும்பலாமென்றால் நீண்ட ஃபின்கள் வேரில் சிக்கின. பின்னால் நகரப் பார்த்து உதைத்தேன். பலகை இரண்டாகப் பிரிந்து தண்ணீரை நடுவில் விட்டுவிட்டது. மறுபடி உதைத்தேன். ஓரடிகூட நகரவில்லை.

"என்ன பாப்பா, அங்கயே குடியிருக்கப் போறீங்களா?"

"பின்னால வர முடியலண்ணே."

"திரும்பி வாங்க."

"திரும்பவும் முடியல."

அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். செடி இழுக்கும் தொரட்டியை எடுத்துவந்து, குப்புறப் படுத்து, என் பின்னாலிருந்த கொத்துகளை ஒவ்வொன்றாக இழுத்தார். நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிட, அந்த நிலை எனக்கு மிகவும் பழக்கமானதாக இருந்தது. என்னை அடைத்திருந்தது மென்மையாகத்தான் இருந்தது. எதுவும் என்னை நோகடிக்கவில்லை.

சுவரைப் பிடித்துப் பிடித்துக் கரையேறினேன். ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு பேடில் ஃபின்னை மாட்டினேன்.

"மறுபடியுமா? பாப்பா, என் வேலை போயிடும்."

"தொரட்டிய கையிலயே வச்சிருங்கண்ணே."

அதே மூலைக்குப் போனேன். செடிகள் மறுபடி வந்து சேரும்வரை காத்திருந்தேன். பிறகு பாதங்களை வெளிப்பக்கம் மடக்கி, பலகையின் மேல்பக்கத்தால் தண்ணீரை முன்னால் தள்ளினேன். செடிகள் முதுகில் இடித்து விலகின. இரண்டு, மூன்று. நான்காவது உதையில் முழங்காலுக்குள் ஊசி ஏறியது. ஆறாவதில் வெளியே இருந்தேன். பாலத் தூண் பக்கத்தில் ஸ்ப்ளிட் ஏன் உதவாது என்று அந்த மூத்தவர் சொல்லாமல் விட்டதும் அதுதான்: அதைப் போட்டுக்கொண்டு பின்னால் வர முடியாது.

வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்தேன். அம்மா காலைப் பார்த்தாள், வாணலியில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து வந்து முழங்காலில் வைத்தாள். கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

"இந்தக் காலோட தண்ணிக்குள்ள போகப் போறியா?"

"அதுவரைக்கும் தொடைக்குப் பயிற்சி செய்வேன். அறுப்பு மெஷினுக்கும் கொள்முதலுக்கும் ஆள் பேசிட்டேன். அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க பக்கத்துத் தெரு அக்கா காலையும் சாயங்காலமும் வருவாங்க. எழுதி வச்சிருக்கேன்."

"எல்லாத்தையும் எழுதி வை," என்றாள். அது சம்மதமா கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் கூரியர்காரர் வந்தபோது அம்மாதான் வாசலில் நின்றாள். நான் ஸ்ப்ளிட் ஃபின் பெட்டியை எடுத்து வந்தேன்.

"ஒண்ணுதானா?" என்றாள்.

"ஒண்ணுதாம்மா."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே கட்டிலிலிருந்து அப்பா குரல் கேட்டது.

"எந்தத் தேதி கெளம்பணும்? அன்னிக்கு முறை இருக்கான்னு மொதல்ல பாரு."