சீர்த்தட்டில் சாக்லேட்

என் அக்காவுக்குச் சாக்லேட் என்றால் உயிர். அதை அவள் ஒருபோதும் மறைத்ததில்லை. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் லைன் வீட்டில் நாங்கள் வளர்ந்தோம். தீபாவளிக்கு முன்பு போனஸ் வாங்கும் நாளில் அப்பா ஒண்டிக்கடை முக்கில் ஒரு சாக்லேட் வாங்கி வருவார். அம்மா அதைச் சரிபாதியாக உடைத்துத் தருவாள். அக்கா தன் பாதியைத் தின்று முடித்துவிட்டு என் பாதிக்குப் பேரம் பேச வந்துவிடுவாள்.

"ஒரு வாரம் உன்ற துணியெல்லாம் நான் தொவைக்கிறேன். அதைக் குடு கண்ணு."

கொடுத்துவிடுவேன். துணியையும் ஒழுங்காகத் துவைத்துப் போடுவாள்.

நான் வளர்ந்து அதே ஒண்டிக்கடை முக்குப் பக்கம் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏற்காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குச் சாக்லேட் செய்து விற்கிற கடை. கொதிக்கும் தண்ணீரின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்துச் சாக்லேட் கட்டிகளை உருக்கி, முந்திரியோ திராட்சையோ கலந்து அச்சில் ஊற்றி ஆறவைப்பது என் வேலை. சேதி கேட்டதும் அக்கா, "நீ கலெக்டர் ஆயிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு சந்தோசம் இருந்திருக்காதுடா" என்றாள்.

அந்த வருடமே அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஊர் கொட்டச்சேடு. சொந்தமாகச் சின்னதாக ஒரு காபித் தோட்டம், நடுவில் மிளகுக் கொடிகள். அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். அதனால் தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டுபோகிற பொறுப்பு என்னுடையதாயிற்று. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, தேங்காய், பழம், சேலை, வேட்டி என்று அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நான் என் கையால் செய்த சாக்லேட் பெட்டி ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். கரும்பைப் பஸ்ஸின் பின்வாசல் ஓரம் சாய்த்துப் பிடித்தபடி கொட்டச்சேடு போய்ச் சேர்ந்தேன்.

அக்காவின் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். தோட்டத்தை முழுக்க நடத்துவது அவர்தான். மருமகளை ஒரு குறை சொன்னவர் இல்லை. ஆனால் முறை என்று வந்துவிட்டால் கறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடியிருக்க, தட்டிலிருந்த ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர் சாக்லேட் பெட்டியில் நின்றார்.

"இதென்னங்க தம்பி?"

"சாக்லேட்டுங்க அத்தை. நானே செஞ்சது. அக்காவுக்கு நொம்பப் பிடிக்கும்."

"சீருன்னா அதுக்கு ஒரு மொறை இருக்குதுங்க. டூரிஸ்டுக்கு விக்கிற முட்டாயத் தட்டுல வெச்சா நாலு பேரு என்ன நெனைப்பாங்க?" என்றபடி பெட்டியை எடுத்து, வாசலில் நின்ற பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் மூடியைத் திறந்தது தெரியும், அவ்வளவுதான், பெட்டி காலி. அக்காவுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவள் அந்தப் பிள்ளைகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு மனசே ஆறவில்லை. அரிசியும் வெல்லமும் யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி வைக்கலாம். நான் செய்யத் தெரிந்து செய்தது அது ஒன்றுதான். என் அக்காவுக்கு நான் கொடுப்பதில் அது இல்லையென்றால் எப்படி? அடுத்த பொங்கலுக்கும் அது தட்டில் இருக்கும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த பொங்கல் வந்தபோது அம்மா கெஞ்சினாள். "வேண்டாஞ் சாமி. அவ பொழைக்கிற எடம். ஒரு பொட்டி முட்டாயிக்காக மனக்கசப்பு எதுக்கு?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அக்காவையே போனில் கேட்டேன். "உனக்குச் சங்கடம்னா சொல்லு, வெக்கல."

"கொண்டாடா நீ. போன வருசம் மோந்து பாக்கக்கூட விடல" என்றாள்.

கொண்டுபோனேன். அத்தையின் கை மறுபடியும் பெட்டிப் பக்கம் வந்தது. ஆனால் இந்த முறை அக்கா தயாராக இருந்தாள். தேங்காயை நகர்த்துகிற சாக்கில் முந்திக் குனிந்து, மூடியை நெம்பி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்தபோது ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. அத்தை அதைப் பார்த்தார். மச்சான் வேட்டி மடிப்பைப் பிரித்துப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். மிச்சம் பிள்ளைகளுக்குப் போயிற்று.

நான் கிளம்பும்போது அத்தை, "அடுத்த வருசம் அது வேண்டாங்க தம்பி, சொல்லிப்போட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, சீர் கொண்டுவந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று, போன வருடம்போலவே தோட்டத்துக் காபிக் கொட்டை ஒரு பை நிறையக் கொடுத்தார்.

போன வருடம் கொடுத்ததை அம்மா வறுத்து அரைத்துக் காபி போட்டுத் தீர்த்திருந்தாள். இந்த முறை பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோதே எனக்கு யோசனை ஓட ஆரம்பித்துவிட்டது. இந்தக் கொட்டையைச் சாக்லேட்டில் போட்டால்? அவர்கள் தோட்டத்தில் விளைந்ததை அத்தை எப்படித் தள்ளி வைப்பார்?

கடையில் சீசன் இல்லாத நாட்களில் அந்த வேலையில் இறங்கினேன். முதலில் வறுத்து முழுக் கொட்டையாகப் போட்டேன். கடித்துப் பார்த்த அம்மா, பல் போயிருக்கும் என்று திட்டினாள். மாவாக அரைத்துப் போட்டேன், நாக்கில் மண்போல ஒட்டியது. பால் சாக்லேட்டில் காபி வாசமே எழும்பவில்லை. கறுப்புச் சாக்லேட்டுக்கு மாறினேன், கசப்பு தூக்கலாகிவிட்டது. கடைசியில் கொட்டையைக் குருணையாக உடைத்து, தூசியைப் புடைத்துத் தள்ளி, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையோடு சேர்த்தபோது பதம் கூடி வந்தது. கடைக்கார அம்மா தின்று பார்த்துவிட்டு, "கடைக்கும் ஒரு தட்டு ஊத்துப்பா" என்றார்கள். முதல் பெட்டி கொட்டச்சேட்டுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது பொங்கல். பெட்டியைப் பார்த்ததும் அத்தையின் முகம் சுருங்கிற்று. "போன வருசமே சொன்னனுங்களே தம்பி?"

"இது கடைச் சரக்கு இல்லீங்க அத்தை. நீங்க குடுத்த கொட்டைய வறுத்துப் போட்டு செஞ்சது. உங்க தோட்டத்துது உங்க ஊட்டுக்கே வந்திருக்குது."

அவர் பெட்டியை எடுத்தார். வாசலில் பிள்ளைகள் நகர்ந்து வந்தார்கள். மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒன்றை எடுத்துக் கால்வாசி கடித்தார். மெதுவாக மென்றார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, பெட்டியைத்தான் பார்த்தாள்.

"கொட்டைய நொம்பக் கருக்கிப்போட்டீங்க" என்றார் அத்தை.

"அப்படீங்களா?"

"பொன்னெறம் தாண்டி செவக்கறப்பவே எறக்கிப்போடோணும். நல்ல கொட்டைய இப்படியா தீய விடுவாங்க?" பேசிக்கொண்டே மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு பெட்டியை மஞ்சள் கொத்துக்குப் பக்கத்தில், தட்டிலேயே வைத்தார். "எடுத்துக்க கண்ணு, அதையே பாத்துக்கிட்டு நிக்கிறியே" என்று மருமகளிடம் சொன்னார்.

அக்கா எல்லார் முன்னிலையிலும் இரண்டை எடுத்தாள். ஒன்றை மச்சானிடம் நீட்டினாள். அவர் கை வருவதற்குள் மனசு மாறி, அதில் பாதியைக் கடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தாள். நான் அவளை அவ்வளவு நிறைவாகப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் காபிக் கொட்டை அங்கிருந்து வருகிறது, அடுத்த பொங்கலுக்குச் சாக்லேட்டாகத் திரும்பிப் போகிறது. வறுவலில் குறை சொல்வதை அத்தை இன்னும் விடவில்லை. நானும் குறையில்லாமல் ஒரு வருடமாவது கொண்டுபோயாக வேண்டும் என்று முயன்றுகொண்டிருக்கிறேன்.

சென்ற பருவத்தில் அறுவடை நேரத்தில் மழை விடாமல் பெய்து காபிப் பழமெல்லாம் உதிர்ந்துபோயிற்று. பொங்கல் முடிந்த பிறகு அத்தையே போன் செய்தார்.

"தம்பி, இந்த வருசம் குடுக்கற மாதிரி கொட்ட இல்லீங்க. மொளகு நல்லா வந்திருக்குது. பஸ்ஸுல குடுத்து உடறேன், அதுல செஞ்சு பாருங்க."

மிளகு வந்து சேர்ந்தது. முதல் முறை செய்ததில் வீடே தும்மியது, அம்மா அடுப்படிப் பக்கமே வரவில்லை. இரண்டாம் முறை வாயில் போட்டதும் இனிப்பு வந்து, விழுங்கியபின் தொண்டை எரிந்தது. அக்காவுக்குப் போனில் விவரம் சொன்னேன்.

"எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது, கொஞ்சம் அனுப்பு" என்றாள்.

அனுப்பவில்லை. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளை மிளகை இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்க்க வேண்டும்.