தொடுவதுபோல் நடித்தேன்

நான் ப்ளஸ் ஒன் படித்தபோது நடந்தது இது. நல்லம்பள்ளியிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் வரும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் இருபத்தெட்டுப் பேர் இருந்தோம். கம்ப்யூட்டர் ஆறு இருந்தது, அதில் நாலு ஓடும்.

அப்படிப்பட்ட பள்ளிக்கு ஒரு நாள் காலையில் மினி வேனில் பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே ஸ்மார்ட் போர்டு. விரலால் தொட்டால் எழுதும், இரண்டு விரலை விரித்தால் படம் பெரிதாகும். ஏதோ ஒரு கம்பெனி நன்கொடையாகக் கொடுத்திருந்தது. நூலக அறையைக் காலி செய்து அங்கே மாட்டினார்கள். மாட்ட வந்த ஆள் விரலாலேயே ஒரு பூ வரைந்து காட்டினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த நாங்கள் கை தட்டினோம். கடைசியாக அவர் கம்பெனி பெயர் போட்ட நீளமான ஸ்டிக்கர் ஒன்றைத் திரையின் கீழ்ச் சட்டத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் கம்ப்யூட்டர் சார் போட்டுப் பார்த்தால் போர்டு ஒழுங்காக வேலை செய்யவில்லை. இங்கே தொட்டால் அங்கே கோடு ஓடியது. சில இடங்களில் எத்தனை தடவை தொட்டாலும் சும்மா கிடந்தது. சார் கம்பெனிக்குப் போன் செய்தார். போர்டிலேயே ஏதோ கோளாறு இருக்கும், திறப்பு விழா முடியட்டும், மாற்றித் தருகிறோம் என்று பதில் வந்தது. ஆனால் விழா அந்த வெள்ளிக்கிழமை. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரியும் கம்பெனிக்காரர்களும் வருவதாக முடிவாகிவிட்டது. தள்ளிப் போட முடியாது.

கம்ப்யூட்டர் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். மனித இதயம் சுழல்வது, பாதியாகத் திறப்பது, ரத்தம் ஓடுவது என்று எல்லாவற்றையும் ஒரே வீடியோவாகத் தயார் செய்தார். தொடுதிரைக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டார். ஒரு மாணவி திரை முன்னால் நின்று, படம் மாறப் போகிற நேரத்துக்குச் சரியாக விரலை வைக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு அவள் தொட்டதால் மாறியதுபோல் இருக்கும்.

அந்த மாணவி நான்தான். கொஞ்சம் உயரமாக இருப்பேன். மேடையில் இங்கிலீஷில் நாலு வரி தடுமாறாமல் சொல்வேன். மூன்று நாள் ஒத்திகை. "மனசுக்குள்ள ஆறு எண்ணு. அப்புறம் தொடு. கையைப் பட்டுனு எடுத்துடாதே" என்று சார் சொல்லிக் கொடுத்தார். அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தெட்டுப் பேரில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்ற சந்தோஷம்தான் இருந்தது.

என் பக்கத்தில் உட்காருகிற தோழி ஒருத்தி இருந்தாள். இண்டூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவள் அப்பாவுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம்; மற்ற நாளில் கூலி வேலைக்குப் போவார். அவள் அதிகம் பேச மாட்டாள். ஆனால் எதையும் உற்றுப் பார்ப்பாள். லேபில் ஒரு கம்ப்யூட்டர் நின்றுபோனால் சாரே அவளைத்தான் கூப்பிடுவார்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நான் ஒத்திகைக்காக அந்த அறைக்குப் போனேன். அவளும் கூடவே வந்தாள். சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு முன்னாடி அந்த ஆளு பூ வரைஞ்சாருல்ல? நல்லாத்தான வரைஞ்சுது? டிவி ரிமோட் முன்னாடி கைய வச்சு மறைச்சா சேனல் மாறாதுடி. இதுலயும் அந்த மாதிரி கண்ணு இருக்கும். அத ஸ்டிக்கர் மறைக்குது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பின்னால் போய்க் கழற்றிக் கிடந்த ஒயரைச் செருகினாள். நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தை நெம்பி மெதுவாக உரித்தாள். உள்ளே சட்டம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு பட்டை. முக்கால்வாசி வந்த பிறகு ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை; மீதியையும் உரித்து ஓரத்தில் தொங்க விட்டாள்.

"இப்ப எழுதிப் பாரு."

விரலை வைத்தேன். விரல் போன இடமெல்லாம் கோடு வந்தது. என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே அவள் பெயரை எழுதினேன். இரண்டு பேரும் கத்திக் குதித்தோம். அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேரைவிடச் சந்தோஷமானவர்கள் அந்தப் பள்ளியில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அவள் ஓடிப் போய்க் கம்ப்யூட்டர் சாரைக் கூட்டி வந்தாள். கூடவே தலைமையாசிரியரும் வந்துவிட்டார். அவர் கண்ணில் முதலில் பட்டது திரை இல்லை, கிழிந்து தொங்கிய கம்பெனி பெயர்.

"நாளைக்கு அவங்க வந்து நிக்கும்போது இந்தப் பேரு கிழிஞ்சு தொங்கணுமா? யாரு உன்ன இதைத் தொடச் சொன்னது?"

"சார், இப்ப நல்லா வேலை செய்யுதுங்க சார். ஒரே ஒரு தடவை தொட்டுப் பாருங்க சார்."

அவர் தொடவில்லை. கம்ப்யூட்டர் சார் ஓரடி முன்னால் வந்தார். தலைமையாசிரியர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நாங்கள் எழுதிய பெயர்கள் அப்போதும் திரையில் இருந்தன. தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீயும் கூடத்தான் இருந்தியா?"

"இல்லீங்க சார். நான் இப்பத்தான் வந்தேன்."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாளைக்கு என்னை மேடையிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம். தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். திரையில் என் பெயர் என் கையெழுத்தில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்க விரும்பவில்லை.

அன்று சாயங்காலமே தருமபுரியிலிருந்து புது ஸ்டிக்கர் அடித்துக் கொண்டுவந்து அதே இடத்தில் ஒட்டினார்கள். ஒயரை மறுபடியும் கழற்றினார்கள். அவளை வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

விழா நன்றாகத்தான் ஆரம்பித்தது. நான் ஆறு எண்ணித் தொட்டேன், இதயம் திறந்தது. எட்டு எண்ணித் தொட்டேன்; ரத்தம் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். வந்திருந்த அதிகாரி எழுந்து, "நானும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமாம்மா?" என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவர் இதயத்தின் மேல் விரலை வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்தினார். அவர் விரலை எடுத்த பிறகு படம் தானாக நுரையீரலுக்குப் போய்விட்டது.

கம்பெனிக்காரர் எழுந்து வந்தார். தலைமையாசிரியர் அவசரமாக, "நேத்து ஒரு பொண்ணு அதை நோண்டிடுச்சுங்க. ஒயரெல்லாம் பிடுங்கி விட்டுடுச்சு" என்றார்.

அதிகாரி நல்ல மனிதர் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் அதோடு விடவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அப்படியாம்மா?"

பதில் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. முந்தின நாள் மாதிரி வாய் தானாகச் சொன்னது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கம்ப்யூட்டர் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் என் அப்பா போனைத் தூக்கிப் பிடித்து என்னை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் எனக்குத் தெரிந்தது.

"ஆமாங்க சார்" என்றேன்.

மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் போட்டோ வந்தது. நான் திரையைத் தொடுகிற போட்டோ. எங்கள் வீட்டில் அதை வெட்டி வைத்தார்கள்.

திங்கட்கிழமை அவள் அப்பாவை வரச் சொல்லியிருந்தார்கள். ஆபீஸ் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கூலி வேலைக்குப் போகிற சட்டையோடே வந்திருந்தார். மாணவி பொருளைச் சேதப்படுத்தியதால் கம்பெனி மாற்றித் தர மறுக்கிறது என்று எழுதிய தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவர் அதைப் படிக்கவில்லை. அவள் படித்தாள். படித்துவிட்டு, "நான் உடைக்கலீங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அவள் அப்பா அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

அடுத்த வாரமே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வருஷத்துக்கு நடுவில் எந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் குரூப்பில் இடம் கிடைக்கும்? அவள் ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் வரலாறு குரூப்பில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கவில்லை.

நான் ப்ளஸ் டூ முடித்து என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தேன். இரண்டாம் வருஷத்தில் எங்கள் துறையில் புதிதாக ஒரு லேப் திறந்தார்கள். தலையில் மாட்டிக்கொள்கிற விஆர் ஹெட்செட், தொடாமலேயே கையை அசைத்தால் படம் நகர்கிற திரை என்று என்னென்னமோ இருந்தது. முதல் நாள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு கார் என்ஜினுக்குள் நடந்தேன். காற்றில் கையை நீட்டி பிஸ்டனைப் பிடிக்கப் போய், பக்கத்திலிருந்தவன் காதைப் பிடித்துவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

அதே லேபில் பெரிய தொடுதிரைப் பலகையும் ஒன்று இருந்தது. லேப் அசிஸ்டென்ட் அக்கா அதைப் பற்றிச் சொன்ன முதல் விஷயமே இதுதான்: "சட்டத்துல எதையும் ஒட்டாதீங்க. நோட்டீஸ், டேப் எதுவும் வேண்டாம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் குறுக்க நெடுக்க ஓடுது. அதை மறைச்சா டச் வேலை செய்யாது."

எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பதினாறு வயதில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஒரு டிவி ரிமோட்டை வைத்து அவள் கண்டுபிடித்தது இங்கே பாடமாக இருந்தது. நான் வெளியே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இண்டூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அவள் வீட்டில் இருந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கல், லீவுக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அதிகாரி என்னிடம் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும். அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"தெரியும்" என்றாள். "அன்னைக்கே நம்ம கிளாஸ் புள்ளைங்க சொல்லிட்டாங்க."

என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "நீ சொல்லிருந்தாலும் அவங்க கேட்டிருக்க மாட்டாங்க. அப்படி நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டேன். ஆனா நீ சொல்லியே பாக்கலியேடி."

பள்ளிக்குப் போய் இப்போதாவது உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அந்தத் தலைமையாசிரியர் ரிட்டயர் ஆகிவிட்டதாக அவள் சொன்னாள். "அவங்ககிட்ட சொல்லி இனி என்ன ஆவப்போவுது? எங்கப்பாகிட்ட சொல்லு. நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாரு."

அவள் அப்பா வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். "வா கண்ணு" என்று அன்பாகத்தான் அழைத்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். உங்கள் மகள் எதையும் உடைக்கவில்லை, கெட்டுக் கிடந்ததை அவள்தான் சரி செய்தாள், அது எனக்குத் தெரியும், நான்தான் பொய் சொன்னேன் என்று.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அப்ப என்கிட்ட கையெழுத்து வாங்குனது?"

"அது பொய்ங்கப்பா."

"அன்னைக்கு வூட்டுக்கு வந்து இந்தப் புள்ளய அடிச்சேன் கண்ணு. உடைக்கலன்னு சொல்லச் சொல்ல அடிச்சேன்."

மகள் பக்கம் திரும்பி, தெலுங்கில் என்னமோ கேட்டார். சின்னக் கேள்விதான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் அங்கேயே நின்றார். என்ன கேட்டார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கும் தைரியமும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறப் போனேன். யாரும் வழியனுப்ப வரவில்லை.

செய்த தப்பை ஒத்துக்கொண்டால் மனசு லேசாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து நான் சொன்ன உண்மையால் லேசானவர்கள் யாரும் இல்லை, ஒரு தகப்பன் சுமக்க வேண்டியது ஒன்று கூடியதுதான் மிச்சம்.