வெயில் ஏறும் வரை

அது ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கோழிகூட கூண்டைவிட்டு இறங்காத குளிர். கிணற்று மேட்டில் ஒரு நல்ல பாம்பு விறைத்துக் கிடந்தது. கோலால் மூன்று முறை புரட்டியும் அசையவில்லை. செத்த நல்ல பாம்புக்குப் பால் ஊற்றி எரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விறகடுக்கி, வெள்ளைத் துணி சுற்றிக் கிடத்தினேன். எனக்கோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"ஏனுங்க, கொஞ்சம் பொறுங்க. இந்தக் குளிர்ல எருமை இன்னும் சொரக்கலீங்க" என்றாள் என் மனைவி.

"சீக்கிரம் அம்மிணி! பாம்புக்காக ரயிலு நிக்குமா?"

"ரயிலு நாளைக்கும் வருமுங்க. பாலில்லாம கொளுத்துனா பாவமுங்க."

முணுமுணுத்தபடி தீப்பெட்டியோடு நின்றேன். அதற்குள் வெயில் ஏறி விறகின்மேல் விழுந்தது. அவள் சொம்போடு வந்து குனிந்தபோது துணி நெளிந்தது. "சாமி!" என்று அலறிப் பின்வாங்கினாள். பாம்பு தலையை வெளியே நீட்டி, மெல்ல இறங்கி வேலிக்குள் போயிற்று.

குளிரில் அதன் உடம்புதான் மரத்திருந்தது, உயிர் போயிருக்கவில்லை. எருமை உடனே சுரந்திருந்தால் உயிரோடு கொளுத்தியிருப்பேன்.

இப்போது மார்கழி விடியலில் எனக்கே கைகால் மடங்குவதில்லை. மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: "எனக்கு எது ஆனாலும் முதலில் வெயிலில் கிடத்து. அவசரப்படாதே."