தேநீர் இரண்டு

"ரசீது?" என்று கையை நீட்டுகிறார். ஒரே ஒரு பக்கம் நகலெடுத்துக் கொடுத்தவர் விழிக்கிறார்.

"ஒரு பக்கத்துக்கெல்லாம் ரசீது தர்றதில்லை சார்."

"அப்ப ரெண்டு பக்கமா எடுங்க."

இரண்டாவது பக்கத்தால் யாருக்கும் உபயோகமில்லை. ரசீதுக்காக அதுவும் எடுக்கப்படுகிறது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரான இவருக்குக் கடைத்தெரு வைத்திருக்கும் பெயரே 'ரசீது'தான். அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வதில்லை, திரும்பிப் பார்க்கிறார். வழக்கு முடிந்து ஐந்து மாதமாகியும் பழக்கம் விடவில்லை.

வழக்கு சொந்தத் தம்பியோடு. அப்பா விட்டுப்போன வீட்டில் கீழே இவர், மேலே தம்பி. மொட்டைமாடிக் கதவுக்குத் தம்பி ஒரு நாள் புதுப் பூட்டுப் போட்டார். இன்னொரு சாவி கொடு என்று கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்பதாவது! மானஸ்தர் இல்லையா? வக்கீலிடம் போனார். எட்டு வருடம் கழித்து, சாவியில் இவருக்கும் உரிமை உண்டு என்று நீதிபதி சொன்னார். அதற்குள் மாடிப்படி ஏற இவருடைய முழங்கால் மறுத்து மூன்று வருடமாகியிருந்தது. சாவி இப்போது கல்லாவில் பத்திரமாக இருக்கிறது.

தீர்ப்பின் கடைசி வரியில் 'செலவுத்தொகையுடன்' என்று ஒரு சொல். தோற்றவர் ஜெயித்தவரின் வழக்குச் செலவைக் கொடுக்க வேண்டும் என்று பொருள். பாவம், அதை இவர் அப்படியே நம்பிவிட்டார். செலவு என்றால் செலவுதானே? கம்பியில் குத்தி வைத்திருந்த எட்டு வருட ரசீதுகளையும் உருவி, பதினேழு பக்கத்துக்குப் பட்டியல் எழுதினார். பஸ், நகல், மழையில் வாங்கிய குடை, கோர்ட்டு பெஞ்சின் ஆணி கிழித்த கால்சட்டைக்குத் தையல் கூலி. தேநீர் இரண்டு. மறுபடியும் தேநீர் இரண்டு. இப்படி நாற்பத்தோரு இடத்தில்.

"ஐயா, கோர்ட்டுக் கட்டணம், சம்மன் கட்டணம், சாட்சிப் படி, அப்புறம் விதியில சொல்லியிருக்கிற அளவுக்கு என் ஃபீஸ். இவ்வளவுதான் வரும்" என்றார் வக்கீல்.

"நான் உங்களுக்குக் கொடுத்தது அதைப்போல ஆறு மடங்காச்சே?"

"அது நமக்குள்ள."

சொல்லும்போது வக்கீல் கொஞ்சம் கூச்சப்பட்டார். நல்ல மனிதர், கூச்சத்துக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

கோர்ட்டு குமாஸ்தா சிவப்பு மையோடு பட்டியலைத் திருத்த உட்கார்ந்தார். குடை போயிற்று. கால்சட்டை போயிற்று.

"ஒரு ஆளுக்கு எதுக்குங்க ரெண்டு டீ?"

"ஒண்ணு எனக்கு."

"இன்னொண்ணு?"

"இவனுக்கு" என்று பக்கத்தில் நின்ற தம்பியைக் காட்டினார்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தம்பியும் லேசுப்பட்டவர் இல்லை. 'மேற்படி இரண்டாவது தேநீரை வாதி, அண்ணன் என்ற முறையில் வற்புறுத்தி வாங்கிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை' என்று ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருந்தார். நாற்பத்தோரு தேநீரும் அடிபட்டன.

வீட்டில் இருவருக்கும் பேச்சு கிடையாது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் செருப்பைப் பார்ப்பார். ஆனால் வாய்தா நாளில் ஐந்து நிமிட இடைவெளியில் கிளம்பிப் போய், கோர்ட்டு வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சர்க்கரை, முழங்கால், பிள்ளைகளின் வேலை என்று ஊர்ப்பட்ட கதை பேசுவார்கள். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய் விரோதிகளாக நிற்பார்கள். இந்த உறவை எட்டு வருடமாக நீதிமன்றம்தான் கட்டிக் காப்பாற்றியது. தீர்ப்பு வந்த அன்று ஜெயித்தவர் முகத்தில்தான் ஈயாடவில்லை.

"குடுக்கிற பணத்தை வாங்கித் தொலைச்சா என்னவாம்?" என்று மனைவி கேட்கிறார். தம்பி இரண்டு முறை பணத்தோடு கடைக்கு வந்துவிட்டார். முதல் முறை தேதி தப்பு என்று இவர் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை வட்டி குறைகிறது என்றார். வாங்கிக் கையெழுத்துப் போட்டால் கோர்ட்டில் வழக்குக் கட்டை மூடிவிடுவார்கள். அப்புறம் தம்பி எதைச் சாக்கிட்டு வருவார்? அதுதான் இவருக்குப் பயம். வெளியே கேட்டால் வட்டி என்பார்.

இந்த வாரம் தம்பி மூன்றாம் முறை வந்தார். வட்டி சுத்தமாக இருந்தது. கூடவே ஒரு தாள்: 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன். இனி எதிர்த்தரப்பிடம் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.'

"கையெழுத்துப் போடுங்கண்ணே."

அண்ணன் தாளைத் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். "எழுத்து ரொம்பச் சின்னதா இருக்குடா. கண்ணு தெரியல."

அலமாரிகளில் நானூறு மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. தம்பி அவற்றை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கு வேலை இருக்கு. வியாழக்கிழமை வா."

"வாய்தாவா?"

"வாய்தாதான்."

தம்பி பணத்தைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் போகவில்லை. கண் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கால் குட்டையான அது ஆடியது. அண்ணன் எதிர்க் கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். டீக்கடைக்காரர் இரண்டு தம்ளர்களோடு, வழக்கம்போல் கேட்காமலே எழுதிய ரசீதையும் கொண்டுவந்து நீட்டினார். அண்ணன் அதை வாங்கினார். நாலாக மடித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தம்பியின் நாற்காலிக்கு அடியில், அந்தக் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.