ஏலத்தில் நிற்கும் நாத்தனார்

காய்கறி மொத்தச் சந்தையில் தக்காளி ஏலம் விடும் என் நாத்தனாருக்கு அங்கே ‘ஒலிபெருக்கி’ என்று பெயர். வீட்டிலும் அதே குரல்தான். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் காது அடைத்துப் போகும், பிறகு பழகிவிட்டது.

அவருக்குத் தைராய்டு புற்றுநோயை அறுத்து எடுத்துச் சில வருடங்கள் கழித்து, அது கழுத்து நெறிக்கட்டிகளில் மறுபடி தலைகாட்டியது. துணைக்கு நான்தான் போனேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மிகச் சிறிய கட்டி என்றால் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரலாம், இவருக்கோ வளர்கிறது. கதிரியக்க அயோடின் கொடுக்கலாம்; இவருடைய கட்டி அயோடினை உறிஞ்சவில்லை. உடம்பில் வேறு இடங்களுக்குப் பரவினால் அதற்கென மாத்திரைகள் உண்டு. இன்னும் அந்த நிலை வரவில்லை. மிச்சம் அறுவை சிகிச்சை.

“ஏற்கெனவே வெட்டின இடம்மா. குரல் நரம்பு பக்கத்துலயே ஓடுது. குரல் கம்மிப்போக வாய்ப்பிருக்கு.”

எனக்கு முதலில் சந்தைதான் நினைவுக்கு வந்தது. குரல் போனால் அவருக்கு ஏலமேது? நாத்தனாரோ முதல் விலைக்குச் சரக்கைத் தள்ளிவிடுகிற ஆளில்லை.

“ரெண்டாவது தடவை வெட்டுறதுல கைதேர்ந்தவங்க யாரு டாக்டர்? நீங்களா, வேற ஆளா?”

நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். மருத்துவர் சிரித்துக்கொண்டே இன்னொரு மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்.

கட்டிகளை முழுதாக எடுத்துவிட்டார்கள். குரல் மட்டும் வெறும் காற்றாக வந்தது. நரம்பு சோர்ந்திருக்கிறது, பயிற்சி செய்தால் தேறலாம், மாதங்கள் ஆகும் என்றார்கள். அன்றைக்குத்தான் நாத்தனார் அழுது முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கும் தாங்கவில்லை.

காயம் ஆறியதும், “வாடி, போய்ப் பார்த்துடலாம்” என்று என்னையும் இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். கம்மிய குரலில் விலையைத் தொடங்கினார். ஒரு வியாபாரி எடுத்த எடுப்பிலேயே உச்ச விலையைச் சொன்னார். போட்டிக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாத்தனார் திரும்பத் திரும்பக் கத்த வேண்டி வரக் கூடாதாம்! எல்லார் கண்ணும் அவர் கழுத்துத் தழும்பில்தான் இருந்தது.

நாத்தனார் தக்காளிப் பெட்டியைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்தார்.

“பாதிப் பழம் அடிபட்டுக் கெடக்கு, இதுக்கு இந்த விலையா? என் தொண்டைக்கு இரக்கப்பட்டுத் தக்காளி வாங்காதீங்கய்யா! ஏலம் செல்லாது. முதல்ல இருந்து கேளுங்க.”

பின்வரிசையிலிருந்து மகா கஞ்சரான ஒரு கடைக்காரர், முதலில் கேட்டதில் பாதி விலைக்குக் கேட்டார்.

“அட திருட்டுப் பயலே!” என்றார் நாத்தனார், முகமெல்லாம் பல்லாக. “இப்பதான்யா ஏலம்.”